மாப்பிள்ளை பெருக்குவார்

ஹார்ட்விக் பெர்கன் என் மனைவியைப் பதினொரு முறை முத்தமிட்டான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது முறைக்கு முன்னால் இயக்குநருக்குப் பசியெடுத்துச் சாப்பாட்டுக்கு விட்டதால் அதோடு நின்றது. எட்டாவது முறையே நன்றாகத்தான் வந்தது என்பது என் கருத்து. யாரும் என்னிடம் கேட்கவில்லை. விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் அவளுடைய கம்பளிச் சால்வையைக் கையில் போட்டுக்கொண்டு நிற்பது மட்டும்தான் என் வேலை.

நான் அவளுடைய கணவன் என்று அந்த ஸ்டுடியோவில் யாருக்கும் தெரியாது. எனக்குச் செயலாளர் என்று பெயர். ஊர் உலகத்துக்கு அவள் வியோலா மெரான்; நீலக் கடலையும் எலுமிச்சைத் தோப்பையும் இத்தாலிய மாலுமியையும் பாடி ஜெர்மனி முழுவதையும் உருகவைத்தவள். வீட்டில் அவள் வீப்கெ. குக்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் மீன் ஏலம் விட்டவரின் மகள். எலுமிச்சை மரத்தை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. அங்கே ஒரு கடற்கரை ஓட்டலின் நடன மேடையில் அவள் பாட, நான் பின்னால் நின்று பெரிய பேஸ் வயலின் வாசித்தேன். ஐம்பத்து மூன்றாம் வருடம் மார்ச் மாதம் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டோம். ஜூன் மாதம் ஹாம்பர்க்கிலிருந்து டாக்டர் லோமான் வந்தார்.

டாக்டர் என்றால் வைத்தியர் அல்ல. எதிலோ பட்டம் வாங்கி, படக் கம்பெனியில் விளம்பரம் பார்ப்பவர். அவள் பாட்டைக் கேட்டார், முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், ஏழு வருட ஒப்பந்தத்தை மேசையில் வைத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“இவர் யாரு?”

“என் வீட்டுக்காரர்” என்றாள் வீப்கெ.

“அடடா” என்றார் லோமான், சட்டையில் கறை கண்டவர் போல. “கல்யாணம் ஆன பொண்ணுக்கு யாரும்மா காதல் கடிதம் எழுதுவான்? ஏழு வருஷம் பொறுங்க. அதுவரைக்கும் இவர்... உங்க பெரியம்மா பையன்.”

இப்படித்தான் நான் என் மனைவிக்கு அண்ணன் ஆனேன். ஹாம்பர்க் ஓரத்தில் ரால்ஸ்டெட்டில் வீடு பிடித்தபோது வாசலில் இரண்டு அழைப்பு மணி வைத்தார்கள். கீழே ‘மெரான்’, மாடிக்கு ‘லூர்ஸ்’. மாடி அறையில் எனக்கென்று ஒரு கட்டில் போட்டு, அதைப் பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற சுங்க அதிகாரிக்குத் தெரிகிற மாதிரி ஜன்னலோரமாக நகர்த்தியும் வைத்தோம். அந்தக் கட்டிலில் நான் படுத்தது இரண்டு தடவை, இரண்டும் சண்டை போட்ட அன்று.

முதல் இரண்டு வருடம் பெரிதாக வலிக்கவில்லை. ரெக்கார்டு, வானொலி, மேடை என்று போயிற்று. நான் பெட்டி தூக்கினேன், பியானோக்காரனிடம் சுருதி சரிபார்த்தேன், பாடுவதற்கு முன் அவள் குடிக்கும் சூடான பாலில் தேன் கலந்து கொடுத்தேன். படம் என்று வந்தபோதுதான் ஹார்ட்விக் வந்தான்.

அவன் அயோக்கியனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி! ஆறடி இரண்டு அங்குலம், சிரித்தால் கன்னத்தில் குழி, அதற்கு மேல் நல்லவன் வேறு. என் முழங்கால் வலியை நினைவில் வைத்துக்கொண்டு விசாரிப்பான். கிறிஸ்துமஸுக்கு எனக்கு நல்ல சுருட்டுப் பெட்டி அனுப்பினான். அதைப் புகைக்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை. கெட்டவனைப் பார்த்து வயிறெரிந்தால் அதில் ஒரு நியாயமாவது இருக்கும். நல்லவனைப் பார்த்து வயிறெரிகிறவனுக்கு ஆறுதல் சொல்லக்கூட ஆள் கிடையாது. அவனிடம் நான் கண்டுபிடித்த ஒரே குறை அவனுக்குப் பாட வராது என்பதுதான். படத்தில் அவன் வாயை மட்டும் அசைப்பான், குரல் வேறொருவனுடையது. அதையும் அவனே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

முதல் படத்தின் முதல் நாள் விருந்தில் இரண்டு பேரும் கையோடு கை கோத்து ஒயின் குடித்தார்கள். எங்கள் பக்கம் ‘நீங்க’ என்பது ‘நீ’ ஆகவேண்டுமென்றால் இப்படிக் குடித்து, முடிவில் ஒரு முத்தமும் கொடுக்க வேண்டும். ஊருக்கு முன்னால், எல்லோரும் கைதட்ட, முறைப்படி நடந்தது. அன்றிலிருந்து அவன் அவளை ‘நீ’ என்றான், ‘வீப்கெ’ என்றான். என்னை இன்றுவரை ‘லூர்ஸ் சார்’, ‘நீங்க’. அண்ணன்காரனுக்கு மரியாதை!

அதைவிடக் கொடுமை வீட்டில் நடந்த ஒத்திகை. வசனத்தை அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்வாள். ஹார்ட்விக்கின் வசனத்தை நான் படிக்க வேண்டும்.

“உன்னைப் பார்த்த நாள்ல இருந்து நான் தூங்கல, மோனிகா” என்று நான் படிப்பேன்.

“இன்னும் கொஞ்சம் பாசமா படியேன், கெரிட். முனிசிபாலிட்டி நோட்டீஸ் மாதிரி இருக்கு.”

“எனக்கு வர்ற பாசம் இவ்வளவுதான்.”

“ஹார்ட்விக் இதைச் சொல்லும்போது கண்ணைக் கொஞ்சம் சுருக்குவான்.”

“சுருக்கட்டும். கண்ணாடி வாங்கிக் கொடுக்கச் சொல்லு கம்பெனிய.”

அவள் சிரித்துவிடுவாள். நான் சிரிக்கமாட்டேன். அப்போது எனக்குள் இருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஏழு வருடம் முடிந்ததும் இவள் என்னைத் தன் கணவன் என்று வாய்விட்டுச் சொல்வாளா, அல்லது அதற்குள் சொல்வதற்கே அவசியமில்லாமல் போய்விடுமா? கேட்க பயமாக இருந்தது. கேட்டால் பதில் வந்துவிடுமே.

ஐம்பத்து ஏழாம் வருடம் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடித்த நான்காவது படம். மலைமேல் ஒரு தபால்காரி, அவளைக் காதலிக்கும் கால்நடை வைத்தியர், கடைசியில் கல்யாணம். மலை, தேவாலயம் எல்லாம் ஸ்டுடியோவில் அட்டையிலும் பஞ்சிலும் செய்தது. அந்தக் கல்யாணக் காட்சியில்தான் பதினொரு முத்தம். மறுவாரம் ஒரு பத்திரிகையின் அட்டையில் அந்தப் படம் வந்தது. வெள்ளை முக்காட்டில் அவள், கறுப்புக் கோட்டில் அவன். கீழே பெரிய எழுத்தில், ‘வியோலாவும் ஹார்ட்விக்கும்: கடைசியில் ஒன்று சேர்ந்தார்கள்!’ ‘படத்தில்’ என்ற ஒரு வார்த்தையைப் போட இடம் இல்லாமல் போயிற்றாம். லோமான் வேண்டுமென்றே செய்த வேலை.

கடிதங்கள் மூட்டையாக வந்தன. ரசிகர் கடிதத்துக்குப் பதில் எழுதுவது என் பொறுப்பு. வாரம் இருநூறுக்குக் குறையாது. வியோலா மெரான் என்று அவள் கையெழுத்தை அவளைவிட அழகாக நான் போடுவேன். அவள் போட்டால் அவசரம் தெரியும்.

ஓல்ட்மான் அம்மாள் என்று ஒருவர், ஸ்டாடெ ஊரில் வியோலா மெரான் ரசிகர் மன்றத்தின் தலைவி. தையல் கடை வைத்திருக்கும் விதவை. மாதம் ஒரு கடிதம் தவறாது. அந்த வாரம் அவர் எழுதியிருந்தார்: ‘செல்லமே, அட்டைப் படத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். உங்களுக்கேற்ற மாப்பிள்ளை. அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, உங்களைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வார். முந்தின நாள் தட்டு உடைப்பு எப்போது? நாங்கள் வந்து உடைக்கலாமா?’

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் பெண் வீட்டு வாசலில் பழைய பீங்கான் தட்டையும் கோப்பையையும் போட்டு உடைப்பது எங்கள் வழக்கம். அழைப்பு வேண்டாம், யார் வேண்டுமானாலும் வரலாம். வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட வேண்டும். உடைந்ததைப் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து பெருக்கி அள்ள வேண்டும். அப்படிச் சேர்ந்து பெருக்கிவிட்டால் ஊர் பார்வையில் கல்யாணம் பாதி முடிந்த மாதிரி.

‘உங்களுக்கேற்ற மாப்பிள்ளை’ என்ற வரியை நான் நாலு தடவை படித்தேன். அன்று காலை அவள் காபி குடிக்கும்போது ஹார்ட்விக் தொலைபேசியில் அழைத்திருந்தான், அவள் இருபது நிமிடம் சிரித்துச் சிரித்துப் பேசினாள். தாளை எடுத்தேன். ‘அன்புள்ள ஓல்ட்மான் அம்மா, தாராளமாக வாருங்கள். வரும் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. வீட்டில் இருக்கிற உடைசல் எல்லாம் கொண்டு வாருங்கள். மாப்பிள்ளை பெருக்குவார்.’ விலாசம் போட்டேன். வியோலா மெரான் என்று அழகாகக் கையெழுத்துப் போட்டேன்.

கிழித்துப் போடத்தான் எழுதினேன். பிறகு அதை உறையில் போட்டேன். தபால் தலையை நக்கி ஒட்டினேன். தெருமுனைப் பெட்டிவரை நடந்துபோய் மற்ற கடிதங்களோடு உள்ளே தள்ளினேன். கை நழுவியது என்று சொல்லலாம். நழுவவில்லை. ஒரு கிழவி ஒற்றைத் தட்டோடு வந்து நிற்பாள், அதைக் கேள்விப்பட்டு ஹார்ட்விக்கின் முகத்தில் அசடு வழியும், நான் அதைப் பார்ப்பேன் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் என் திட்டம்.

ஓல்ட்மான் அம்மாளின் மன்றத்தில் நூற்று நாற்பது உறுப்பினர்கள் என்பதை நான் மறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சரியாக ஆறு மணிக்கு முதல் சத்தம் கேட்டது. ஜூன் மாதம், வெளியே பட்டப்பகல் போல வெளிச்சம். வீப்கெ தலையில் சுருள் ஊசிகளோடு குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்ன அது சத்தம்?”

“தட்டு” என்றேன்.

“யார் போட்டா?”

“தெரியல. நம்ம தட்டு இல்ல.”

ஜன்னல் திரையை விலக்கினேன். தெரு முழுக்க ஜனம். ரயிலில் வந்து இறங்கியிருக்கிறார்கள். கூடையோடு பெண்கள், பையோடு பெண்கள், இஸ்திரி போட்ட கோட்டில் அவர்களுடைய புருஷன்மார்கள். ஒருவன் கைவண்டியில் ஒரு முழுக் கழிவறைப் பீங்கானை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். எங்கள் வாசற்படியில் தட்டு, கோப்பை, சூப்புச் சட்டி, பூ ஜாடி எல்லாம் வந்து விழுந்து நொறுங்கின. கண்ணாடி மட்டும் யாரும் உடைக்கவில்லை, அது ஆகாது. பக்கத்து வீட்டுச் சுங்க அதிகாரி வேலிக்கு மேலே எம்பி, “மெரான் பொண்ணுக்குக் கல்யாணமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!” என்று கத்திவிட்டு, உள்ளே ஓடி ஒரு கைப்பிடி போன சாஸ் கிண்ணத்தோடு திரும்பி வந்தார்.

வீப்கெ என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவள் ஏலக்காரர் மகள்; கூட்டத்தைக் கண்டால் முதலில் தலையை எண்ணுவாள்.

“நூத்தம்பது பேர் இருப்பாங்க. உருளைக்கிழங்கு எவ்வளவு இருக்கு?”

“வீப்கெ, இவங்களை அனுப்பிடலாம். தப்பா வந்துட்டாங்கன்னு...”

“தட்டு உடைக்க வந்தவங்களைப் பட்டினியா அனுப்பச் சொல்றியா? எங்க அப்பா குழியிலேர்ந்து எழுந்து வந்து அறைவாரு. கசாப்புக் கடைக்குப் போன் போடு. சாசேஜ் எல்லாத்தையும் அனுப்பச் சொல்லு.”

ஆறரை மணிக்குப் பின்வாசல் வழியாக டாக்டர் லோமான் வந்தார், இரண்டு புகைப்படக்காரர்களையும் ஹார்ட்விக்கையும் இழுத்துக்கொண்டு. ஓல்ட்மான் அம்மாள் பத்திரிகைக்கும் சொல்லியிருக்கிறார். பத்திரிகை லோமானுக்குச் சொல்லியிருக்கிறது. நான் எதிர்பார்த்தபடி அவர் கோபப்படவில்லை. முகமெல்லாம் பல்லாக இருந்தது.

“யார் மூளையில உதிச்சதோ, அவனுக்குக் கோயில் கட்டணும்! படம் வர இன்னும் மூணு வாரம் இருக்கு. வியோலா, ஹார்ட்விக், ரெண்டு பேரும் வெளியில போங்க, சிரிங்க, சேர்ந்து பெருக்குங்க. அஞ்சு நிமிஷம். நாளைக்கு எல்லாப் பேப்பர்லயும் வரும்.”

“அப்புறம் கல்யாணம் எங்கேன்னு கேட்டா?” என்றான் ஹார்ட்விக்.

“படத்துலன்னு சொல்லிக்கலாம். நாம பொய் சொல்லலையே, அவங்களா வந்தாங்க. லூர்ஸ், துடைப்பமும் முறமும் எடுத்துட்டு வாங்க.”

நான் நிலவறைக்குப் போனேன். கரி மூட்டைக்குப் பக்கத்தில் என் பேஸ் வயலின் உறைபோட்டு நின்றது. அதைப் பார்க்காமல் துடைப்பத்தையும் முறத்தையும் எடுத்தேன். என் மனைவியும் இன்னொருவனும் ஊர் முன்னால் சேர்ந்து பெருக்க, அதற்குத் துடைப்பம் நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தை எழுதிய கையை அடுப்பில் வைக்கலாம் போல இருந்தது.

மேலே வந்தபோது சமையலறையில் லோமான் மட்டும்தான் இருந்தார். சாமான் அறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே வீப்கெயும் ஹார்ட்விக்கும். குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. அவன் ஏதோ அழுத்திச் சொன்னான், அவள் ஏதோ மறுத்தாள், பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. என் வீட்டு சாமான் அறை, என் மனைவி, என் ஊறுகாய் ஜாடிகள், உள்ளே அவன்! கதவைத் துடைப்பக் கட்டையால் தட்டினேன்.

“துடைப்பம் ரெடி” என்றேன்.

ஹார்ட்விக் முதலில் வெளியே வந்தான். என்னைப் பார்க்காமல் துடைப்பத்தை வாங்கிக்கொண்டான். அவள் கண் சிவந்திருந்தது. அவளும் என்னைப் பார்க்கவில்லை.

வாசல் கதவைத் திறந்ததும் கூட்டம் கத்திய கத்தலில் வேலிமேல் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. யாரோ அவளுடைய பாட்டை ஆரம்பிக்க நூற்றைம்பது பேரும் பாடினார்கள். ஓல்ட்மான் அம்மாள் முன்னால் வந்தார். குட்டையான உருவம், ஊதா நிறத் தொப்பி. கையில் என் கடிதம்.

“செல்லமே, நீங்க கைப்பட எழுதினதைப் பார்த்தப்போ எனக்குக் கைகால் ஓடல. பாருங்க, சட்டம் போடப் போறேன் இதை.”

வீப்கெ கடிதத்தை வாங்கிப் படித்தாள். நாலு வரிதான். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவள் ரொம்ப நேரம் படித்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, கதவோரம் நின்றிருந்த என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் காது மடல்கள் கொதித்தன. லோமானும் எட்டிப் பார்த்தார்.

“இது உங்க கையெழுத்தா, வியோலா?”

“ஆமா. நான்தான் எழுதினேன்” என்றாள் அவள்.

கூட்டம், “பெருக்கு! பெருக்கு!” என்று தாளம் போட்டது. புகைப்படக்காரர்கள் மண்டியிட்டார்கள். ஹார்ட்விக் துடைப்பத்தோடு படியிறங்கினான். இறங்கினவன் பெருக்கவில்லை. அப்படியே திரும்பிப் படியேறி வந்து, துடைப்பத்தை என் நெஞ்சுக்கு நேராக நீட்டினான்.

“இந்தாங்க, லூர்ஸ் சார். இது உங்க வேலை.”

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வேலைக்காரன் பெருக்கட்டும் என்கிறான்! ஊர் முன்னால்! நாலு வருடமாக அடக்கிவைத்தது எல்லாம் மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. துடைப்பத்தைப் பிடுங்கினேன். கட்டையைத் திருப்பி அந்தக் கன்னக் குழியிலேயே ஒன்று போடவேண்டும் என்று ஓங்கியும்விட்டேன். அவன் அதைப் பார்த்தும் நகரவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

“எல்லாரும் மன்னிக்கணும். மாப்பிள்ளை நான் இல்லீங்க. நான் சினிமாவுல மட்டும்தான் மாப்பிள்ளை, அதுவும் இரவல் குரல்ல. நிஜ மாப்பிள்ளை கையில துடைப்பம் வந்தாச்சு.”

சத்தம் நின்றது. எல்லாக் கண்களும் என் மேல். ஓங்கிய துடைப்பத்தோடு நான். பிறகு எல்லாக் கண்களும் வீப்கெ மேல். அவள் மேல் படியில் நின்றாள். லோமான் மெதுவாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அவள் ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்து, ஹார்ட்விக் வேடிக்கை பண்ணுகிறான் என்று சொல்லியிருந்தால் போதும், கூட்டம் சிரித்திருக்கும். நான் அண்ணனாகவே உள்ளே போயிருப்பேன்.

அவள் குனிந்து, கதவோரம் நான் சாய்த்து வைத்திருந்த முறத்தை எடுத்தாள். மறு கையால் என்னை இழுத்துக்கொண்டு படியிறங்கி, அந்த உடைசல்களுக்கு நடுவே என் காலடியில் மண்டியிட்டு முறத்தைத் தரையில் வைத்தாள்.

“இவர் என் வீட்டுக்காரர். கெரிட் லூர்ஸ். கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு” என்றாள் சத்தமாக. பிறகு என்னிடம் மட்டும், “துடைப்பத்தை இறக்கு. பெருக்கு” என்றாள்.

“அண்ணன்னு சொன்னீங்களேய்யா!” என்று வேலிக்கு அப்பாலிருந்து சுங்க அதிகாரி அலறினார். “நாலு வருஷமா கட்டிலைக் காட்டிக் காட்டி ஏமாத்திட்டீங்களே!”

நான் பெருக்கினேன். பாதி முறத்தில் விழுந்தது, பாதி அவள் முழங்காலில் விழுந்தது. சில பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு எதுவும் பேசாமல் ரயிலடிப் பக்கம் நடந்தார்கள். ஓல்ட்மான் அம்மாள் நகரவில்லை. என்னை உச்சந்தலையிலிருந்து பூட்ஸ்வரை அளந்தார். துணி வாங்க வந்தவர் போல முகத்தைச் சுளித்தார்.

“உயரம் பத்தாது” என்றார். “முடியும் கம்மி.”

பிறகு தன் கறுப்புச் செருப்பால், நான் கூட்டிவைத்த குவியலை ஒரே உதை. பீங்கான் சில்லுகள் நாலாபக்கமும் சிதறின. அதுவும் வழக்கம்தான், பெண் வீட்டாருக்கு வேண்டியவர்கள் மாப்பிள்ளையைச் சீண்டுவது.

“திரும்பப் பெருக்குங்க, மாப்பிள்ளை!”

மிச்சமிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மூன்று தடவை பெருக்கினேன், மூன்று தடவையும் யாராவது உதைத்தார்கள். லோமான் எப்போது கிளம்பினார் என்று தெரியாது. ஹார்ட்விக் கோட்டைக் கழற்றிவிட்டு, கழுத்தில் துண்டோடு உருளைக்கிழங்கு சாலட் பரிமாறிக்கொண்டிருந்தான்.

அப்புறம் நடந்தது பத்திரிகை படித்தவர்களுக்குத் தெரியும். அந்தப் படம் சுமாராக ஓடியது. ஒப்பந்தத்தைக் கம்பெனி ரத்து செய்தது. ஐந்தாவது படத்தில் ஹார்ட்விக்குக்கு ஜோடியாகப் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். வீப்கெ இன்னும் ஆறு ரெக்கார்டுகள் போட்டாள். முதல் இரண்டை வானொலியில் போட்டார்கள், மற்றதைப் போடவில்லை. பிறகு வெந்நீர் ஊற்று ஊர்களில் உடம்பைத் தேற்ற வந்த பெரியவர்களுக்கு மாலை நேரத்தில் பாடினாள். பின்னால் நின்று பேஸ் வாசித்தவன் நான்தான். ஓல்ட்மான் அம்மாள் சாகும்வரை முன் வரிசையில் உட்கார்ந்தார். ஒருநாளும் வீப்கெ என்னிடம், உன்னால்தான் என்று சொன்னதில்லை.

இதோடு நிறுத்தினால் கேட்கிறவர்களுக்கு என்மேல் நல்ல எண்ணம் வரும். மறுநாள் காலையில் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

ரோஜாப் பாத்தியில் சிதறிய சில்லுகளை இரண்டு பேரும் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தோம். எனக்கு உலகமே என் கையில் இருப்பது போல இருந்தது. அந்தத் தைரியத்தில் சொன்னேன்.

“வீப்கெ, அந்தக் கடிதம்...”

“தெரியும். என் கையெழுத்தை அவ்வளவு அழகா போடற ஆள் நீ ஒருத்தன்தான்.”

“அப்புறம் ஏன் நீ எழுதினதா சொன்ன?”

“பின்ன? லோமான் முன்னாடி உன்னைக் காட்டிக் கொடுக்கச் சொல்றியா?” ஒரு சில்லை வாளியில் போட்டாள். “இனிமே உன் பேர்ல கையெழுத்துப் போடு, போதும்.”

அங்கேயே நான் வாயை மூடியிருக்கலாம். பொறாமைக்காரனுக்கு ஜெயித்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கும்.

“சாமான் ரூம்ல ரெண்டு பேரும் என்ன பேசினீங்க?”

“வேண்டாம், கெரிட்.”

“சொல்லு.”

“அவனுக்கு ஒரு வருஷமாவே தெரியும், நீ யாருன்னு. நான்தான் சொன்னேன். ஒருநாள் ஷூட்டிங்ல அழுகை வந்துடுச்சு, யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு.” அவள் பாத்தியைப் பார்த்தே பேசினாள். “நேத்து உள்ள வச்சு நான் சொன்னேன், அஞ்சு நிமிஷம்தானே, பெருக்கிட்டு வந்துடலாம்னு. அவன்தான் முடியாதுன்னுட்டான். அந்த மனுஷன் துடைப்பம் எடுத்துட்டு வர்றாரு, அவரை வச்சுக்கிட்டு நான் உன்கூடப் பெருக்க மாட்டேன்னான். நான் கெஞ்சினேன்.”

“கெஞ்சினியா?”

“பயமா இருந்துச்சு.”

“சரி. அவன் ஒத்துக்கிட்டிருந்தா?”

அவள் பொய் சொல்லத் தெரியாதவள் அல்ல. நாலு வருடம் நாடு முழுவதையும் ஏமாற்றியவள்தான். அன்று காலை ஏனோ பொய் சொல்லவில்லை.

“பெருக்கியிருப்பேன்” என்றாள்.

இருபது வருடம் ஆகிவிட்டது. என் மனைவியை எடுத்துக்கொண்டுவிடுவானோ என்று இரண்டு வருடம் அவனைக் கண்டு வெந்தேன். என் மனைவியை என் கையில் கொடுத்தவனும் அவனே என்று தெரிந்த பிறகு இருபது வருடமாக வேகிறேன். தொலைக்காட்சியில் பழைய படம் போட்டு அவன் முகம் வந்தால் எழுந்துபோய்ப் பெட்டியை அணைத்துவிடுவேன்.

“ஏன் அணைக்கிற? பாவம், நல்ல மனுஷன்” என்பாள் வீப்கெ, ஸ்வெட்டர் பின்னியபடியே.

“தெரியும்” என்பேன். “அதனாலதான்.”